பப்பிள் சார்ட்டிலா ஆரம்பிப்பது?

நம் மலேசிய இடைநிலைப் பள்ளிக் கணினிப் பாடத்தில், எண்களைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கச் சொல்லித்தரும் பப்பிள் சார்ட் முறை மேல் எனக்குத் தீராத எரிச்சல். பக்கத்துப் பக்கத்து எண்களை ஒப்பிடு, பெரியது முன்னால் நின்றால் இடம் மாற்று, கடைசிவரை போ, திரும்ப முதலிலிருந்து வா. செந்தூலில் என்னிடம் டியூஷன் வரும் பிள்ளைகள் இதை மலாயில் கடகடவென்று ஒப்பிக்கிறார்கள். ஏன் அப்படிச் செய்யணும் என்று கேட்டால், "பரீட்சைல வரும் சார்." சரிதான்!

முதலில் இன்செர்ஷன் சார்ட்டைச் சொல்லிக்கொடுங்கள் என்கிறேன். ஒவ்வொரு எண்ணாக எடுத்து, ஏற்கெனவே அடுக்கியவற்றோடு பின்னாலிருந்து ஒப்பிட்டு, அதன் இடத்தில் செருகும் முறை. ரம்மி ஆடுகிறவன் கையில் சீட்டைச் செருகுவது அதுதான். யாரும் அவனுக்கு வகுப்பு எடுக்கவில்லை.

2, 3, 4, 5, 1 என்று எழுதிப் பாருங்கள். ஒன்று மட்டும்தான் இடம் தவறியிருக்கிறது. பப்பிள் சார்ட்டில் அந்த 1 ஒரு சுற்றுக்கு ஒரே இடம்தான் முன்னால் நகரும். 2, 3, 4, 1, 5. அப்புறம் 2, 3, 1, 4, 5. இப்படி நாலு சுற்று. கடைசியில் இடம் பிடித்த எண்ணை அடுத்த சுற்றில் தொடாமல் விட்டாலும் 4+3+2+1, பத்து ஒப்பீடு. இன்செர்ஷனில் முதல் நாலு எண்களுக்கு மூன்று ஒப்பீடு, 1 வந்ததும் நாலு. மொத்தம் ஏழு. ஓரளவு வரிசையாக இருக்கிற பட்டியலில் வேலை குறையும் என்பதைப் பிள்ளையே கண்டுபிடித்துவிடும்.

தலைகீழாக அடுக்கிய 1,000 எண்களைக் கொடுத்தால் இரண்டுமே 499,500 ஒப்பீடு செய்யும், அதையும் மறைக்க வேண்டாம். பட்டியலைத் துண்டாக்கி, வரிசைப்படுத்திய துண்டுகளை ஒன்றாக இணைக்கும் மெர்ஜ் சார்ட் எதற்கு என்ற கேள்வி அங்கேதான் பிறக்கிறது. ஆனால் இன்செர்ஷன் அதோடு ஓய்வு பெறுவதில்லை. பைத்தான் நிரல்மொழிக்காக டிம் பீட்டர்ஸ் 2002-இல் எழுதிய டிம்சார்ட் என்ற அடுக்கும் முறை, பட்டியலில் ஏற்கெனவே வரிசையாக இருக்கும் துண்டுகளைத் தேடும். துண்டு ரொம்பச் சின்னதாக இருந்தால் இன்செர்ஷன் முறையில் வளர்த்துக்கொள்ளும். பிறகு மெர்ஜ் செய்யும். பிள்ளை கையால் செய்து பார்த்தது நிஜ மென்பொருளுக்குள் இன்றும் ஓடுகிறது. பப்பிள் சார்ட்டுக்கு அப்படி ஒரு வேலை காட்டுங்கள், பார்ப்போம்.

நிரல் எழுத எளிது என்பார்கள். இரண்டையும் எழுதிப் பாருங்கள், வரிக்கணக்கில் பெரிய வித்தியாசம் கிடையாது. எளிதாகத் தெரிவதற்குக் காரணம் நாமும் அதையே முதலில் மனப்பாடம் செய்தோம், அவ்வளவுதான்.

பரீட்சைக்கு வருகிறதே என்று கேட்கும் ஆசிரியர்களுக்கு: இன்செர்ஷன் புரிந்த பிள்ளைக்கு பப்பிள் சார்ட் சொல்ல அரை மணி நேரம் தாராளம்.