இந்துப்பு சாப்பிட்டால் பிரஷர் ஏறாதா?

"இந்துப்பில் சோடியம் கிடையாது. அதற்கு மாறினால் பிரஷர் மாத்திரையே வேண்டாம்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. என் சித்தி அனுப்பித்தான் எனக்கும் வந்தது. அது தவறு.

இந்துப்பும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான், கடல் உப்பைப் போலவே. அந்த இளஞ்சிவப்பு நிறத்துக்குக் காரணம் அதிலுள்ள சிறிதளவு இரும்புச் சேர்மங்கள். பாக்கெட்டின் பின்பக்கம் சோடியம் அளவு அச்சிட்டிருந்தால் நீங்களே பார்த்துவிடலாம். போதாக்குறைக்கு, பல இந்துப்புகளில் அயோடின் சேர்ப்பதில்லை.

எந்த உப்பானாலும் பெரியவர்களுக்கு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்கும் குறைவாக என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதன் இணையதளத்திலேயே இது இருக்கிறது. ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர்மிளகாய் எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். (தயிர்சாதத்துக்கு ஊறுகாய் இல்லாமல் எப்படி என்றால், கொஞ்சமாகத் தொட்டுக்கொள்ளுங்கள்.)

உப்பைக் குறைப்பதும் தினமும் நடப்பதும் ரத்த அழுத்தத்தைக் குறைக்கும், உண்மைதான். அதற்காக டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தினால் பக்கவாதம் வரைக்கும் போகலாம். பொட்டாசியம் கலந்த 'லோ சோடியம்' உப்பு வேறு சமாச்சாரம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அது ஆபத்து.

அந்தச் செய்தி வந்தால் யாருக்கும் ஃபார்வர்ட் செய்யாதீர்கள். அனுப்பியவரிடமும் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். சித்தியிடம் நான் சொல்லிவிட்டேன்.