எல்லா லைக்கா கேமராவும் கோடிக்குப் போகாது
“1.44 கோடி யூரோவுக்கு லைக்கா ஏலம் போயிருக்கு, தாத்தாவோட பழைய லைக்கா இருந்தா நீங்க கோடீஸ்வரர்” என்று ஒரு நண்பர் சொல்கிறார். தொகை சரி, முடிவு தப்பு. 2022 ஜூனில் ஜெர்மனியின் வெட்ஸ்லர் நகரில் ஏலம் போனது லைக்கா 0-சீரிஸ் 105ஆம் எண் கேமரா. 1923 வாக்கில் சோதனைக்காகச் செய்த சுமார் இருபத்து மூன்று கேமராக்களில் ஒன்று. அதிலும் லைக்காவை வடிவமைத்த ஆஸ்கர் பார்னாக் சொந்தமாக வைத்திருந்தது; வியூஃபைண்டரில் (காட்சியைப் பார்க்கும் கண்ணாடிப் பகுதி) அவர் பெயரே பொறித்திருக்கும். அதே சீரிஸ் 122ஆம் எண் 2018இல் 24 லட்சம் யூரோதான். (“தான்” என்று சொல்ல எனக்கே சிரிப்பு வருகிறது.) ஏலக் கம்பெனியின் கமிஷனும் அந்த 1.44 கோடிக்குள் அடக்கம். தாத்தா கேமராவில் தங்க முலாமும் கழுகு முத்திரையும் மின்னினால் இன்னும் உஷார்: சோவியத் ஃபெட், ஸோர்கி கேமராக்களை அப்படி மாற்றி லைக்கா என்று விற்பது பழைய வித்தை.