ஞாயிறு மாலை ஆறு மணி என்று எழுதி வையுங்கள்

"பிள்ளையை எப்ப வேணும்னாலும் வந்து பார்த்துக்கட்டும், நான் தடுக்கவே இல்லையே." பிரிந்து வாழும் அப்பா அம்மாக்கள் பலர் இப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் பிள்ளையைப் படுத்தி எடுப்பதே அந்த 'எப்ப வேணும்னாலும்'தான். ஒவ்வொரு வாரமும் புதிதாகக் கேட்க வேண்டும், கெஞ்ச வேண்டும், சண்டை போட வேண்டும். கடைசியில் "வர்றானான்னு அவனையே கேளு" என்று போன் பிள்ளையின் கைக்குப் போகும். எட்டு வயதுப் பையன் என்ன சொல்வான்? பக்கத்தில் நிற்பவர் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வான்.

அதனால்தான் சொல்கிறேன், எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். எந்த நாள், எத்தனை மணி, யார் கூட்டிப் போவது, யார் கொண்டுவந்து விடுவது, வர முடியாவிட்டால் எவ்வளவு முன்பே சொல்லிவிட வேண்டும், மே மாத லீவில் முதல் பாதி யாருக்கு, இந்த வருஷம் தீபாவளி எந்த வீட்டில், பொங்கல் எந்த வீட்டில். இதெல்லாம் தாளில் இருந்தால் பிள்ளை யாரையும் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை.

நம் சட்டம் இதைச் செய்து தரும் என்று காத்திருக்க முடியாது. 1890-ல் வந்த கார்டியன் சட்டமும் சரி, 1956-ன் இந்து மைனர் காப்பாளர் சட்டமும் சரி, பிள்ளையின் நலன்தான் முக்கியம் என்கின்றன. ஐந்து வயது வரை பொதுவாக அம்மாவிடம் என்கிறது பின்னது. வாரநாள், லீவு நாள் கணக்கெல்லாம் அவற்றில் கிடையாது. 2015-ல் சட்ட ஆணையம் தன் 257-வது அறிக்கையில் கூட்டுப் பொறுப்பையும், பெற்றோர் சேர்ந்து எழுதும் வளர்ப்புத் திட்டத்தையும் பரிந்துரைத்தது. 2020-ல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம், பிள்ளை தன்னிடம் இல்லாத பெற்றோர் தினமும் ஐந்து பத்து நிமிடமாவது பிள்ளையோடு பேச வழி வேண்டும் என்று சொன்னது. வீடியோ காலில் அப்பாவோடு பேசும் பிள்ளையின் பின்னால் நின்று கண்ஜாடை காட்டுகிறவர்கள் இதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

என் அக்கா மகன் அப்பா வீட்டுக்குப் போய்விட்டு ஞாயிறு மாலை வருவான். செருப்பைக் கழற்றுவதற்குள் வீட்டிலிருக்கும் பெரியவர்கள் ஆரம்பித்துவிடுவார்கள். அங்க என்ன சாப்பிட்ட, யார் யார் வந்தாங்க, அம்மாவைப் பத்தி என்ன பேசினாங்க? எல்லாவற்றுக்கும் அவன் பதில் ஒன்றுதான், "ஒண்ணுமில்ல". பீச்சுக்குப் போன கதையைக்கூட எங்களிடம் சொல்லமாட்டான். சந்தோஷமாக இருந்தேன் என்று சொன்னால் அம்மாவுக்குத் துரோகம் என்று அந்தச் சின்ன மண்டைக்குள் யாரோ ஏற்றிவிட்டோம். விசாரணை கூடாது என்பதையும் அந்தத் தாளில் எழுத வேண்டும், தாத்தா பாட்டிக்கும் சேர்த்து.

நம் சடங்குகளையே பாருங்கள். முடியிறக்க அப்பா வழிக் குலதெய்வம் கோயில், காது குத்த தாய்மாமன் மடி. இரண்டு பக்கமும் இல்லாமல் ஒரு பிள்ளைக்கு எந்தச் சீரும் நிறையாது என்று வைத்திருக்கிற சமூகம், பிரிவு வந்ததும் ஒரு பக்கத்தை அடியோடு வெட்டிவிடச் சொல்வது என்ன நியாயம்?

அப்புறம் பணம். "ஜீவனாம்சம் வரல, பிள்ளையைக் காட்டமாட்டேன்", "காட்டல, பணம் தரமாட்டேன்". இரண்டுமே தப்பு. பள்ளிக் கட்டணம் பிள்ளையின் உரிமை, அப்பாவின் முகமும் பிள்ளையின் உரிமை. ஒன்றை அடகு வைத்து இன்னொன்றை வாங்கக் கூடாது.

அடி உதை, குடித்துவிட்டு வருவது, பிள்ளைக்கே ஆபத்து என்றால் இந்தப் பேச்சு எதுவும் பொருந்தாது. அங்கே பாதுகாப்புதான் முதலில். மூன்றாம் ஆள் முன்னிலையில் மட்டும் சந்திக்க நீதிமன்றத்தில் கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

பரஸ்பர சம்மதத்தில் விவாகரத்து கேட்டு இந்துத் திருமணச் சட்டத்தின் 13பி பிரிவில் மனு போடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதல் மனுவுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் பொதுவாக ஆறு மாதம் இருக்கிறது. அதைச் சும்மா கழிக்காமல், எழுதிய அட்டவணைப்படி நடந்து பாருங்கள். வெள்ளி மாலை டிராஃபிக்கில் ஊரின் அந்தக் கோடிக்குப் போக முடியவில்லையா, சனி காலை என்று மாற்றுங்கள். ஹோம்வொர்க் நோட்டு ஒரு வீட்டிலேயே தங்கிவிடுகிறதா, அதற்கு ஒரு வழி எழுதுங்கள். ஓடிப் பார்த்துத் திருத்திய அந்தத் தாளையே இரண்டாவது மனுவோடு சேர்த்துக் கொடுக்கச் சொல்லி வக்கீலிடம் கேளுங்கள்.