நதி கடலில் கலந்ததாம்!

நேற்றைய நேரலையில் நடந்ததை மறுபடி விளக்கப்போவதில்லை. பார்த்தவர்கள் பார்த்தீர்கள். "ஒகியெக் மொழி இயல்பாக மசாயில் கரைந்துவிட்டது, நதி கடலில் கலப்பதுபோல" என்றார் அதில் பேசிய ஐயா. ஆகா, என்ன உவமை! "இயல்பாகவா?" என்று நான் ஒரே ஒரு கேள்வி போட்டேன். மூன்று பேர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். மூவரும் பத்து வருஷப் பழக்கம்.

இயல்பாகவா? கென்யாவின் மாவ் காட்டில் தேனெடுத்து வாழ்ந்தவர்கள் ஒகியெக். மசாய், பக்கத்தில் மாடு மேய்ப்பவர்கள். ஒகியெக்காரர்கள் மரத்துண்டைக் குடைந்து தேன்கூடாக்கி உயரக் கிளையில் ஏற்றி வைப்பார்கள். காட்டின் எந்தப் பகுதி எந்தக் கூட்டத்தாருக்கு என்பதுவரை வகுத்து வைத்திருந்தார்கள். 1930-களில் வெள்ளைக்காரன் போட்ட நில ஆணையம் என்ன சொன்னது தெரியுமா? இவர்களை முடிந்தவரை ஒட்டுறவுள்ள பக்கத்து இனத்தாரின் நிலத்துக்கு அனுப்பிவிடலாம் என்றது. ஏட்டில் எழுதிச் செய்த வேலைக்குப் பெயர் இயல்பு!

காட்டைப் பிடுங்கினார்கள், மொழி தேய்ந்தது. அவ்வளவுதான் நான் சொல்வது.

கென்யாவின் நரோக்கில் ஒரு கோதுமை வியாபாரியிடம் மூன்று வருஷம் கணக்கு எழுதியவன் நான். அங்கே இரவுக் காவலுக்கு ஒரு பெரியவர். சிவப்புப் போர்வை, பேச்சும் மசாய்தான். ஊரார் சொன்னதை வைத்து ஒருநாள், "நீங்கள் டொரோபோவாமே?" என்று கேட்டுவிட்டேன். மாடு இல்லாத ஏழை என்று ஒகியெக் போன்றவர்களுக்கு மசாய்க்காரர்கள் வைத்த பெயராம் அது. எனக்கு யார் சொன்னார்கள்? அவர் கோபப்படவில்லை. டீயைக் குடித்து முடித்துவிட்டு, "அப்படி யாரும் கூப்பிடக்கூடாதென்றுதான் அப்பா எங்களை வீட்டிலும் மசாய் பேசவைத்தார்" என்றார். மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் பேரேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

இதுவும் நதிதானா ஐயா?

"மசாயும் அடிபட்டவர்கள்தானே" என்று வருவீர்கள். ஆமாம். 1904, 1911 ஒப்பந்தங்களில் அவர்கள் மேய்ச்சல் நிலத்தையும் வெள்ளைக்காரன்தான் சுருட்டினான். மசாய் மக்கள்மேல் எனக்கென்ன கோபம்? "பக்கத்து இனமான கிப்சிகிஸின் மொழிக்கு மாறிய ஒகியெக்காரர்கள் உறவு மொழிக்குத்தானே மாறினார்கள்?" அடடா! மலையாளமும் நமக்கு உறவுதான். நாளையிலிருந்து பேத்தியை மலையாளத்தில் கொஞ்சுங்கள், பார்க்கலாம். "மொழி சோறு போடுமா?" இதற்கெல்லாம் பதில் சொல்கிற வயதைத் தாண்டிவிட்டேன்.

பழங்கதை என்றும் சொல்லாதீர்கள். 2017 மே 26 அன்று தான்சானியாவின் அருஷாவில் ஆப்பிரிக்க மனித உரிமை நீதிமன்றம் ஒகியெக் மக்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2022-இல் கென்ய அரசிடம், 15 கோடியே 78 லட்சத்து 50 ஆயிரம் ஷில்லிங் இழப்பீடு கொடு, நிலத்தை அவர்கள் பேருக்குப் பதிந்து கொடு என்றது. 2023 நவம்பரில் மாவ் காட்டின் சசிம்வானியில் ஒகியெக் வீடுகளை இடித்தார்கள். நதி ஓடிக்கொண்டேதான் இருக்கிறது!

ஐயாமேல் எனக்கு இன்னும் மரியாதை உண்டு. அவருக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம், எனக்கும் ஒரு காலத்தில் தெரியாது. ஆனால் அந்த மூன்று பேர்? பெரியவர் கதையை என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டவர்கள். காலையில் ஒருவன் வாட்ஸப்பில், "என்னடா, சும்மா விளையாட்டுக்குப் போட்டது" என்கிறான். நான் படித்துவிட்டேன் என்பதற்கு இரண்டு நீலக்கோடு அவனுக்குத் தெரியும். தெரியட்டும்.