481 வாக்குகள்

நேற்று நண்பர் வீட்டில் கலிஃபோர்னியா தேர்தல் பேச்சு வந்தது. "கவர்னருக்கு மட்டும் போட்டுட்டு மீதியைக் காலியா விட்டுடுவேன். கன்ட்ரோலரா யார் வந்தா நமக்கென்ன?" என்றார். அங்கே சொல்லி முடிக்க முடியாததை இங்கே எழுதுகிறேன்.

கலிஃபோர்னியா அரசின் பணம் வெளியே போக கன்ட்ரோலர் கையெழுத்து வேண்டும். கணக்கைத் தணிக்கை செய்வதும் அவர்தான். 2009இல் கஜானா வறண்டபோது, அப்போதைய கன்ட்ரோலர் ஜான் சியாங் செக்குக்குப் பதில் கடன் சீட்டு அனுப்பினார். 2011இல் பட்ஜெட்டில் வரவும் செலவும் ஒத்துவரவில்லை என்று சட்டமன்ற உறுப்பினர்களின் சம்பளத்தையே நிறுத்தினார். அன்றைக்கு சபாநாயகராக இருந்த ஜான் பெரெஸும் செனட் தலைவரும் கோர்ட்டுக்குப் போய் ஜெயித்தார்கள். அதே பெரெஸ்தான் 2014இல் சியாங்கின் நாற்காலிக்குப் போட்டியிட்டார். "நமக்கென்ன" என்று சொல்லிவிடக்கூடிய பதவியா இது?

2014 ஜூன் 3, பிரைமரி, அதாவது முதல் சுற்றுத் தேர்தல். கட்சி எதுவானாலும் முதல் இரண்டு பேர்தான் நவம்பர் இறுதித் தேர்தலுக்குப் போகலாம். குடியரசுக் கட்சியின் ஆஷ்லி ஸ்வெரன்ஜின் முதலிடம் பிடித்துவிட்டார். இரண்டாம் இடத்துக்குத்தான் இழுபறி. ஒரு பக்கம் பெரெஸ், இன்னொரு பக்கம் அதே ஜனநாயகக் கட்சியின் பெட்டி யீ. எண்ணிக்கை வாரக்கணக்கில் நீண்டது. கடைசியாக லேக் கவுண்ட்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) கணக்கு வந்தபோது யீ 481 வாக்கு முன்னால் இருந்தார். மாநிலம் முழுக்க இந்தப் பதவிக்கு விழுந்தவை சுமார் 40 லட்சம் வாக்குகள். பட்டியலில் பெயர் உள்ளவர்களில் நான்கில் ஒருவர்தான் ஓட்டுப் போட்டிருந்தார்கள்.

என் மனைவி அந்த முறை யீக்குத்தான் போட்டாள். வாக்குச்சீட்டு உறை சாப்பாட்டு மேஜையில் மளிகைக்கடை விளம்பரத் தாள்களுக்கு அடியில் ஒரு வாரம் கிடந்தது. திங்கட்கிழமை சாயங்காலம் ஞாபகம் வந்து, கையெழுத்துப் போட்டு, தபால்பெட்டியில் போட்டாள். மறுநாள் தேர்தல். அன்றைய சட்டப்படி வாக்குச்சாவடி மூடுவதற்குள் உறை கவுண்ட்டியின் கைக்கு வந்துசேர வேண்டும். அவளுடையது வரவில்லை, எண்ணவும் இல்லை. 481 என்ற எண்ணைச் செய்தியில் பார்த்தபோது அவள் முகம் போன போக்கு எனக்கு இன்னும் மறக்கவில்லை. (அடுத்த வருஷத்திலிருந்து, தேர்தல் நாளுக்குள் தபால் முத்திரை விழுந்திருந்தால் மூன்று நாள் கழித்து வந்தாலும் ஏற்கலாம் என்று மாற்றினார்கள். ரொம்ப நல்ல காரியம்.)

அப்புறம் நடந்ததுதான் என்னை இன்றுவரை உறுத்துகிறது. பெரெஸ் மறு எண்ணிக்கை கேட்டார். கேட்டது தப்பில்லை. 481 வாக்கில் தோற்றால் யாரும் கேட்பார்கள். ஆனால் அன்றைய சட்டத்தில் கேட்டவர்தான் செலவைக் கொடுக்க வேண்டும். எந்த ஊரை முதலில் எண்ணுவது என்பதும் அவர் இஷ்டம். அவர் தனக்கு நன்றாக விழுந்த இடங்களாகப் பார்த்து 15 கவுண்ட்டிகளைக் குறித்துக் கொடுத்தார். கெர்னிலும் இம்பீரியலிலும் தொடங்கினார்கள். ஊழியர்கள் சீட்டு சீட்டாகக் கையால் எண்ணியும் பெரிதாக எதுவும் நகரவில்லை. ஜூலை 18 அன்று பெரெஸ் போதும் என்று விட்டுவிட்டார். நவம்பரில் யீ ஜெயித்தார்.

அவர் விடாமல் தொடர்ந்திருந்தால்? தனக்குச் சாதகமான பேட்டைகளில் மட்டும் எண்ணி முந்தியிருந்தால், யீயும் பணம் திரட்டித் தன் ஊர்களை எண்ணச் சொல்லியிருக்க வேண்டும். நவம்பர் சீட்டு அச்சுக்குப் போகும் தேதியோ நெருங்கிக்கொண்டிருந்தது. என் ஓட்டு சரியாக எண்ணப்பட்டதா என்பது வேட்பாளரின் பணப்பையைப் பொறுத்தா இருக்க வேண்டும்? ஃப்ளோரிடாவில் வித்தியாசம் அரை சதவீதமோ அதற்குக் குறைவோ என்றால் இயந்திரத்தில் மறுபடி எண்ணியே ஆக வேண்டும். யாரும் பணம் கட்ட வேண்டியதில்லை.

2015இல் இங்கேயும் சட்டம் வந்தது. வித்தியாசம் 1,000 வாக்கு அல்லது 0.015 சதவீதம், இதில் எது குறைவோ அதற்குள் இருந்தால், அரசு செலவில் மாநிலம் முழுக்கக் கையால் எண்ணலாம். ஆனால் "எண்ணலாம்" என்றுதான் இருக்கிறது. கவர்னர் விரும்பினால் உத்தரவிடுவார், விரும்பாவிட்டால் பழைய கதைதான். அந்த ஒரு சொல் "எண்ண வேண்டும்" என்று மாற வேண்டும். வரம்பையும் தாராளமாக்க வேண்டும். எங்கள் தொகுதி சட்டமன்ற உறுப்பினருக்கு இதைக் கடிதமாகவும் எழுதியிருக்கிறேன்.

நண்பரே, உங்கள் சீட்டு இன்னும் மேஜையில்தான் இருக்கும். அதில் கன்ட்ரோலர் பதவிக்கான இடம் எங்கே என்று பாருங்கள்.