ஒர்க்‌ஷாப்ல இருக்கேன்

போன சனிக்கிழமை அம்மா போன் செய்தார். "ஒர்க்‌ஷாப்ல இருக்கேன்மா, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டேன். ஐந்தே நிமிடத்தில் அப்பா: "வண்டிக்கு என்னாச்சு? கிளட்ச் போயிடுச்சா?"

நான் இருந்தது ஏசி அறையில், சிறுகதைப் பயிலரங்கில்.

அப்பா மேல் தப்பில்லை. ஐடிஐயில் ஃபிட்டர் படித்த திருச்சிக்காரர். அவருக்கு ஒர்க்‌ஷாப் என்றால் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப், விட்டால் தெருமுனை மெக்கானிக் கடை. ஆங்கிலத்திலும் முதலில் அதுதான் பொருள்: கைவேலை நடக்கும் கூடம். கூடி உட்கார்ந்து கற்றுக்கொள்ளும் நிகழ்ச்சி என்கிற பொருள் 20-ஆம் நூற்றாண்டில்தான் அதில் ஏறியது. ஹார்வர்டில் ஜார்ஜ் பியர்ஸ் பேக்கர் என்ற பேராசிரியர், மாணவர்கள் எழுதிய நாடகங்களை மேடையேற்றிப் பார்க்க '47 ஒர்க்‌ஷாப்' நடத்தினார். அயோவா பல்கலைக்கழகத்தின் எழுத்தாளர் ஒர்க்‌ஷாப் 1936-இல் வந்தது.

தமிழில் இன்னும் கூத்து. 'பணிமனை' என்று சொல்லுக்குச் சொல் கச்சிதமாகப் பெயர்த்தோம். அதைப் பஸ் டிப்போ எடுத்துக்கொண்டது. மிச்சத்தை அரசியல் கட்சிகள் எடுத்துக்கொண்டன. தேர்தல் வந்தால் ஒரே ராத்திரியில் கீற்றுப் பந்தல், நாலு பிளாஸ்டிக் நாற்காலி, வாசலில் 'தேர்தல் பணிமனை' என்று பேனர். உள்ளே பெரும்பாலும் டீதான் ஓடும்.

எனக்குப் பிடித்த சொல் பட்டறை. கொல்லன் பட்டறை, நகைப் பட்டறை, லேத் பட்டறை. சின்ன வெங்காயத்தைச் சேமித்து வைப்பதும் பட்டறைதான். கவிதைப் பட்டறை என்றாலும் காது உறுத்துவதில்லை. ஆனால் அந்தப் பெயருக்கு ஏதாவது வேலை நடக்க வேண்டாமா?

இன்ஜினியரிங் முதலாண்டில் எங்களுக்கு ஒரு ஒர்க்‌ஷாப் வகுப்பு உண்டு. இரும்புத் தகட்டை வைஸில் இறுக்கிக் கொடுத்து அரத்தால் ராவச் சொல்வார்கள். ராவி முடித்துக் கொண்டுபோனால், சார் மூலைமட்டத்தை வைத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்ப்பார். இடுக்கில் கீற்று வெளிச்சம் தெரிந்தாலும் போச்சு, "மறுபடி ராவு". நாலு வாரம் ராவினேன். உள்ளங்கை காய்த்துப்போனது.

சனிக்கிழமை ஆறு மணி நேரத்தில் ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை. ஸ்லைடு ஸ்லைடாக ஓடியது, சாப்பாடு நன்றாக இருந்தது, சான்றிதழில் என் பெயரில் எழுத்துப்பிழை.

ராத்திரி அப்பாவிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"சரி, அப்படியே அந்த வண்டியையும் ஒருநாள் ஒர்க்‌ஷாப்ல விடு. போன தடவை வந்தப்பவே செயின் சத்தம் போட்டுச்சு."