குறையே இல்லாத திருத்தந்தை வேண்டுமா?

மறைந்த திருத்தந்தை (போப்) பிரான்சிஸின் நினைவுக் கூட்டத்தில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும், வீடியோவும் பார்த்திருப்பீர்கள். சிலே நாட்டுப் பாலியல் கொடுமை விவகாரத்தில் அவர் பேசியது பற்றி ஒரு பையன் எழுந்து கேட்டான், மரியாதையாகத்தான் கேட்டான். மேடையில் இருந்தவர் மைக்கை வாங்கச் சொல்லிவிட்டு, "மறைந்த திருத்தந்தையைப் பற்றி இப்படிப் பேச யார் உனக்குச் சொல்லிக்கொடுத்தது?" என்றார். கூட்டம் கைதட்டியது. அந்தக் கைதட்டல்தான் எனக்குத் தாங்கவில்லை.

திருத்தந்தை பிரான்சிஸ் தவறே செய்யாதவர் என்று நாம் ஏன் சாதிக்க வேண்டும்? அவரே அப்படிச் சொல்லிக்கொண்டதில்லையே! 2013-இல் பொறுப்பேற்ற சில மாதங்களில் ஒரு பேட்டியில், ஹோர்ஹே மாரியோ பெர்கோலியோ (அதுதான் அவருடைய இயற்பெயர்) யார் என்று கேட்டதற்கு, நான் ஒரு பாவி என்றார். 36 வயதில் அர்ஜென்டினாவில் தன் துறவற சபையான இயேசு சபைக்கு மாநிலத் தலைவரானபோது அதிகாரமாகவும் அவசரமாகவும் முடிவெடுத்துச் சிக்கலில் மாட்டியதையும் அதே பேட்டியில் சொன்னார். அவர் வாயாலேயே சொன்னதை மறைக்க நாம் யார்?

சரி, சிலேவுக்கே வருகிறேன். ஒரு கத்தோலிக்கக் குருவின் பாலியல் கொடுமைகளை ஆயர் (பிஷப்) பாரோஸ் மூடி மறைத்தார் என்று பாதிக்கப்பட்டவர்கள் சொன்னார்கள். 2018 ஜனவரியில் அந்த நாட்டு மண்ணிலேயே நின்றுகொண்டு திருத்தந்தை அதை அவதூறு என்றார், ஆதாரம் கொண்டுவரட்டும் என்றார். தவறு. சின்ன வயதில் சிதைக்கப்பட்டவர்களை உலகத்துக்கு முன்னால் பொய்யர்களாக்கிய பேச்சு அது. அப்புறம் பேராயர் சிக்லூனாவை அனுப்பி விசாரிக்கச் சொன்னார். அறிக்கையைப் படித்தபின், நிலைமையைக் கடுமையாகத் தவறாகக் கணித்துவிட்டேன் என்று ஏப்ரலில் சிலே ஆயர்களுக்கு எழுதினார். பாதிக்கப்பட்ட மூவரைத் தான் தங்கியிருந்த இல்லத்துக்கே அழைத்து, ஒவ்வொருவரோடும் தனித்தனியாக உட்கார்ந்து பேசி, மன்னிப்புக் கேட்டார். அவர்களில் ஒருவரான ஹுவான் கார்லோஸ் குரூஸை 2021-இல் வத்திக்கானின் சிறார் பாதுகாப்பு ஆணையத்திலும் சேர்த்தார்.

ஜனவரியை மறைத்தால் ஏப்ரலையும் சேர்த்துத்தான் புதைக்கிறோம். இதுகூடவா புரியவில்லை?

எனக்கு அவர் மேல் பாசமில்லை என்று நினைத்துவிடாதீர்கள். 2020 மார்ச் 27, ஊரடங்கு தொடங்கி ஓரிரு நாள்தான் ஆகியிருந்தது, அண்ணன் வெளியூரில் மாட்டிக்கொண்டிருந்தான். இரவு பத்தரைக்கு அம்மாவும் நானும் செல்போனில் ரோமையைப் பார்த்தோம். ஆளே இல்லாத பேதுரு சதுக்கம், மழை, ஒரு வயதானவர் காலைச் சாய்த்துச் சாய்த்து ஏறி வருகிறார். "இவருக்கு ஏன் ஒருத்தரும் குடை பிடிக்கலை?" என்று அம்மா திரும்பத் திரும்பக் கேட்டார். திருத்தந்தை நற்கருணை அப்பத்தை ஏந்தி ஆசீர் வழங்கியபோது செல்போனை நாற்காலியில் சாய்த்து வைத்துவிட்டு அதன்முன் முழந்தாளிட்டார். எழ முடியாமல் அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தது இப்போதும் கண்ணில் நிற்கிறது. அந்த இரவும் சிலேயும் ஒரே மனிதருடைய வாழ்க்கைதான், இரண்டில் எதையும் நான் விடமாட்டேன்.

"மற்ற மதத்துக்காரர்கள் சிரிப்பார்கள்" என்கிறார்கள். சிரிக்கட்டும். "இறந்தவரைக் குறை சொல்லக் கூடாது" என்கிறார்கள். இறந்தவருக்காகப் பூசை வைப்பதே அவர் பாவங்கள் மன்னிக்கப்பட வேண்டும் என்றுதானே?

ஒரு கேள்வி மட்டும் என்னைத் தூங்கவிடவில்லை. மன்னிப்புக் கேட்டால் போதுமா? போதாது. அந்த ஜனவரி வார்த்தை அந்த மூன்று பேருக்குள் எத்தனை காலம் கிடக்கும் என்று எனக்குத் தெரியாது, அவர் மன்னிப்புக் கேட்டார் என்பதால் கணக்கு நேராகிவிட்டது என்று சொல்ல எனக்கு உரிமையும் இல்லை. ஆனால் நம் சபையில் சாதாரண ஒரு பொறுப்பில் இருப்பவர்கூட "நான் தவறாகப் பேசிவிட்டேன்" என்று சொல்லி எத்தனை முறை கேட்டிருக்கிறோம்? எங்கள் குடும்பத்துக்கே ஒருவர் அப்படி ஒரு வார்த்தை பாக்கி வைத்திருக்கிறார், அதை இங்கே பேச வேண்டாம், அம்மாவுக்குப் பிடிக்காது.

நேற்று இன்பாக்ஸில் ஒருவர், "நீங்கள் உண்மையிலேயே கத்தோலிக்கர்தானா?" என்று கேட்டிருக்கிறார். தெரிந்தவர், வீட்டுக்கு வந்து சாப்பிட்டவர். வலிக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஐயா, 2014 மார்ச்சில் பேதுரு பேராலயத்தில் மற்றவர்களின் பாவசங்கீர்த்தனத்தை (குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுவதை) கேட்பதற்காகத் திருத்தந்தைக்கு ஒரு பாவசங்கீர்த்தனக் கூண்டைக் காட்டினார்கள். அவரோ நேராக ஒரு சாதாரணக் குருவின் முன்னால் போய், தன் பாவங்களைச் சொல்ல எல்லோரும் பார்க்க முழந்தாளிட்டார். அந்தப் படத்தைப் பார்த்துப் பெருமைப்பட்ட கத்தோலிக்கன்தான் நான். அவருக்குச் சொல்லிக்கொள்ளப் பாவமே இல்லை என்று என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னால், போட மாட்டேன்.